கிள்ளி விட்ட கோரை

சின்னப்பொண்ணு செட்டு களை எடுத்த கொல்லை, தேய்த்துக் கவிழ்த்த பித்தளைத் தட்டு மாதிரி இருக்கும் என்று அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்களில் பெயர். பெயரில் பொய் இல்லை. எட்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். ஒன்பதாம் நாள் கோரை ஊசி ஊசியாக எட்டிப் பார்க்கும். இருபதாம் நாள் கொல்லைக்காரர் மறுபடி போன் போடுவார். சின்னப்பொண்ணு மறுபடி பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோரை என்பது மேலே தெரிகிற புல் இல்லை. மண்ணுக்குள் கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும் கிழங்குதான் கோரை. களைக்கொட்டு என்கிற கைக்கொத்தை ஆழமாக இறக்கி, கிழங்கோடு கிளப்பினால்தான் எடுத்ததாக அர்த்தம். அப்படி எடுத்தால் கையில் ஒரு மருந்து வாசனை ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் போகாது. ஆனால் அப்படி எடுக்கிறவள் பொழுது சாயும்வரை உட்கார்ந்தாலும் ஒரு வரிசையைத் தாண்ட மாட்டாள். கொல்லைக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, இவள் குந்திக்கொண்டு கதை பேசுகிறாள் என்று ஏசுவார். அவருக்கு வேண்டியது சாயங்காலத்துக்குள் கண்ணுக்குச் சுத்தமான கொல்லை. அதனால் பெண்கள் கோரையின் தலையை மட்டும் கிள்ளி விடுவார்கள். வேலை சுருக்காக முடியும், கொல்லைக்காரருக்கும் மனசு குளிரும், அடுத்த மாதம் அதே கொல்லையில் அதே வேலையும் கிடைக்கும். இதை ஏமாற்று வேலை என்று யாரும் சொன்னதில்லை. சொல்லுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தவர்களும் இல்லை.

இந்த வித்தையை ஹெலனுக்குக் கற்றுக்கொடுத்தது சின்னப்பொண்ணுதான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. செய்யூர்ப் பக்கத்திலிருந்து காலனிக்கு மருமகளாக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஹெலன் செட்டோடு களைக்கு வந்துவிட்டாள். மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை. புதுத் தாலிக்கயிறு முதுகுப்பக்கம் போய்க் கிடக்க, ஒவ்வொரு கோரையையும் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் மறுகோடிக்குப் போய்விட்டார்கள், அவள் பாதி வரிசையில் தனியாக இருந்தாள். சின்னப்பொண்ணு திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னாள்.

"தலைய கிள்ளிட்டு வாடி. கிழங்க எடுத்துட்டா மறுமாசம் இன்னாத்த துன்னுவ?"

ஹெலன் அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சின்னப்பொண்ணுவின் பக்கத்து வரிசை எப்போதும் ஹெலனுடையது. கல்யாணம், சாவு, புருஷன்காரன் குடித்துவிட்டு வந்தது, பிள்ளை பத்தாவது பாஸானது எல்லாம் அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவேதான் பேசித் தீர்த்தார்கள். அந்த மல்லாட்டைக் கொல்லை ஹார்டுவேர் கடை ராஜாராமின் அப்பாவுடையது. ஒண்ணேகால் ஏக்கர், கிணறு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்னப்பொண்ணுவுக்கு இப்போது ஐம்பது வயது. புருஷன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார். பன்னிரண்டு வயதில் களைக்கொட்டைப் பிடித்த கை அவளுடையது. எத்தனையோ பேர் மண்ணில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். இங்கே என்ன விதைக்கலாம் என்று ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. அந்த ஆசை அவளுக்குள் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹரிஹரன் தோட்டத்துக்குப் போனதில்தான் அந்த ஆசை வாய் திறந்தது. ஹரிஹரன் ஓ.எம்.ஆர். ரோட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் போகிற வழியில் நாலு ஏக்கர் வாங்கியிருந்தார். முதல் வருஷம் கோரைக்காக மட்டும் நாலு தடவை செட்டைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், மோருக்குக் குறைவில்லை, குனிந்து பார்க்கத்தான் தெரியாது என்று பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். மறு வருஷம் கூப்பிட்டபோது ஷேர் ஆட்டோவில் களைக்கொட்டுகளோடு போய் இறங்கினால், களையைக் காணோம். நெஞ்சு உயரத்துக்குச் சணப்பை மஞ்சள் பூவோடு நெருக்கமாக நின்றது. இதை அறுத்து அப்படியே மண்மேல் பரப்பிப் போட வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றார் ஹரிஹரன். விற்கவா என்று கேட்டதற்கு, இல்லை, மண்ணுக்குத் தின்னக் கொடுக்கத்தான் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. சணப்பையை விலக்கிக் கீழே பார்த்தாள். வெயிலே இறங்காத நிழல். கோரை இருந்தது, ஆனால் சேமியா மாதிரி வெளுத்து, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மண் பொலபொலவென்று விட்டுக் கொடுக்க, கிழங்கோடு வந்தது. கிழங்கு சுருங்கிச் சக்கையாக இருந்தது. மேலே வெயில் கிடைக்காமல், உள்ளே இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு நிற்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஹரிஹரனுக்கு அதைப் படிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவளுக்குக் கோரையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் வந்தது பயம்தான். இது நாலு ஊருக்குப் பரவினால் செட்டை எவன் கூப்பிடுவான்? ஆட்டோவில் திரும்பும்போது பெண்கள் மண்ணுக்குச் சாப்பாடு போடுகிற மனுஷரைப் பற்றி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சின்னப்பொண்ணு தான் பார்த்ததை ஹெலனிடம்கூடச் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அவள் ஹெலனிடம் சொல்லாமல் மறைத்த முதல் விஷயம் அது.

ராஜாராமின் அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். ராஜாராமுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை. கொல்லையில் இரண்டு தடவை மல்லாட்டை போட்டுப் பார்த்தார், கோரைதான் ஜெயித்தது. பக்கத்துக் கொல்லைகளில் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் சித்திரையில் சின்னப்பொண்ணு கடைக்கே போய், அந்தக் கொல்லையைப் பயிர் வைக்கத் தன்னிடம் விடும்படி கேட்டாள். ராஜாராம் பெயிண்ட் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அப்பா காலத்து ஆள் என்ற நினைப்பு வந்திருக்க வேண்டும்.

"அடுத்த தை மாசம் வந்து பாப்பேன். கோரை அடங்கிச்சின்னா கொல்ல உன் கையிலயே இருக்கட்டும், நான் கேக்க மாட்டேன். இல்லாங்காட்டி கல்லு நட்டுட வேண்டியதுதான்" என்றார்.

கொல்லைக்குப் போய் அவள் முதலில் செய்த காரியம் களைக்கொட்டை இறக்கி ஒரு பிடி மண்ணைக் கிளறியதுதான். பிடிக்கு ஏழு கிழங்கு இருந்தது. இதை இங்கே வளர்த்தது மழையும் இல்லை, ராஜாராமின் கைராசியும் இல்லை. இருபது வருஷமாக இந்தக் கொல்லையில் தலை கிள்ளியது அவளும் அவள் செட்டும்தான். ஊரில் எத்தனையோ கொல்லை இருக்க, சுற்றிச் சுற்றி வந்து தான் கெடுத்த மண்ணிலேயே வந்து நிற்கிறோமே என்று நினைத்தாள். அழுகை வந்தது, அழுதாள், மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஏர் ஓட்ட டிராக்டர்காரனுக்குப் போன் போட்டாள்.

வைகாசி மழைக்குச் சணப்பையை ஒன்றுக்கு இரண்டாக நெருக்கித் தெளித்தாள். கோரைக்குப் பந்தல் போடுகிறாள் சின்னப்பொண்ணு என்று டீக்கடையில் பேச்சு. ஐம்பதாம் நாள் பூவெடுத்ததும், தண்டு நாராவதற்குள் மடக்கி உழுதாள். அழுகட்டும் என்று விட்டாள். கோரை மறுபடி வந்தது, முன்னைக்குப் பாதி. ஆவணியில் சணப்பையோடு காராமணியையும் சேர்த்துத் தெளித்தாள். மேலே சணப்பை மறைக்க, கீழே காராமணி தரையோடு படர்ந்தது. கார்த்திகையில் அதையும் மடக்கி உழுதபோது மண் கறுத்துப் புட்டு மாதிரி உதிர்ந்தது. கோரை அங்கங்கே இருந்தது, பலமில்லாமல். இந்த ஒரு தடவை மிச்சத்தைக் கிழங்கோடு எடுத்துவிட்டால் தை மாதம் ராஜாராம் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம்.

ஹெலனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சணப்பையை மடக்குவதற்கு முன்னாலேயே ஒரு நாள் உள்ளே வந்து நின்று, கீழே வெளுத்துக் கிடந்த கோரையைப் பார்த்தாள். அவளும் களைக்காரிதான், பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நல்லாத்தான் கீதுக்கா. எல்லாரும் இப்டி வெதச்சிட்டா நாங்க எங்க போறது?" என்றாள்.

நாங்க என்று சொன்னாள். நாம என்று சொல்லவில்லை. சின்னப்பொண்ணு அதைக் கவனித்தாள்.

மார்கழியில் மல்லாட்டை விதைத்தாள். பொங்கல் முடிந்ததும் களை எடுக்க வேண்டும். பூவெடுத்து விழுது மண்ணில் இறங்கிவிட்டால் அப்புறம் களைக்கொட்டு வைக்க முடியாது, காய் போய்விடும். தனி ஆளாக ஒண்ணேகால் ஏக்கர் எடுக்க அவகாசம் இல்லை. செட்டுத் தலைவி தன் கொல்லைக்கு வெளிச்செட்டைக் கூப்பிட்டால் காலனியில் முகம் காட்ட முடியாது. ஆகவே தன் பெண்களைத்தான் கூப்பிட்டாள். பதினோரு பேரில் நாலு பேர் வேன் ஏறிக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள், மிச்சம் ஏழு பேர் வந்தார்கள். வெல்லம் போட்டுக் காபி வைத்துக் கொடுத்தாள்.

அவள் செய்த தப்பு அங்கேதான். கிழங்கோடு எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. சொன்னால், மற்றவர் கொல்லையில் வேண்டாம், என் கொல்லையில் மட்டும் ஒழுங்காக எடு என்று சொன்னதாகிவிடும். வாய்விட்டுச் சொல்லாமலே இருபது வருஷம் நடந்த காரியத்துக்கு அன்றைக்குப் பெயர் வைத்ததாகிவிடும். தன் கொல்லை என்று தெரிந்துதானே வந்திருக்கிறார்கள், தாமாகவே தோண்டி எடுப்பார்கள் என்று நம்பினாள். தானும் ஒரு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து வரிசையில் ஹெலன்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க எழுந்து வரப்புக்கு வந்தாள். எடுத்த கோரையை அங்கேதான் குவித்திருந்தார்கள். பச்சையாக, லேசாக, அழகாக இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளினாள். ஒன்றில்கூடக் கிழங்கு இல்லை. முகர்ந்து பார்த்தாள், வெறும் புல் வாசனை. நிமிர்ந்து பார்த்தால் ஏழு பேரும் பாதிக் கொல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவளுடைய வரிசை மட்டும் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.

அவள் போய் ஹெலன் பக்கத்தில் குந்தினாள். ஹெலன் விரல்கள் நிற்கவில்லை. கோரையின் கழுத்தைப் பிடித்து, நகத்தால் ஒரு அழுத்து, அடுத்தது. இத்தனை சுத்தமாகக் கிள்ள ஊரில் வேறு ஆள் கிடையாது. சின்னப்பொண்ணு கேட்டது ஒன்றே ஒன்றுதான், என் கொல்லையிலுமா என்று.

ஹெலன் கையை நிறுத்தினாள். அவள் முகத்தில் குற்ற உணர்வும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"நீ ஒண்ணியும் சொல்லலியேக்கா. எப்பவும் போலன்னு நெனச்சிகினோம்" என்றாள். அடுத்த கோரையைப் பிடித்துக்கொண்டே, "கிழங்க எடுத்துட்டா மறுமாசம் இன்னாத்த துன்றது? நீ சொன்னதுதான" என்றாள்.

சின்னப்பொண்ணு எழுந்து தன் வரிசைக்குப் போனாள். அன்று சாயங்காலம் கொல்லை தேய்த்த தட்டு மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து அவள் தனியாக, மண்ணுக்குள் விரலை விட்டுத் தேடித் தேடிக் கிழங்கெடுத்தாள். தலை போன கோரை எங்கே இருக்கிறது என்று மேலே அடையாளம் இல்லை. பாதிக் கொல்லைகூட ஆகவில்லை, மல்லாட்டை பூத்துவிட்டது.

தை கடைசியில் ராஜாராம் பைக்கில் வந்து இறங்கினார். மஞ்சள் பூவுக்கு நடுவே பாதிக் கொல்லையில் கோரை ஊசி ஊசியாக நின்றது. வரப்பு நெடுக நடந்து பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் பரிதாபப்பட்டார், அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. எங்கப்பா காலத்திலிருந்து நீதான் இதில் களை எடுத்தாய், நேர்மையாக உழைத்தாய், உன்னாலேயே ஆகவில்லை என்றால் இந்த மண்ணின் வாகு அப்படி, உன்மேல் ஒன்றும் இல்லை என்றார். மனைக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன், மல்லாட்டை விளைந்ததும் பிடுங்கி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு பைக் பக்கம் திரும்பினார்.

மண்மேல் குத்தமில்லை என்று சொன்னால் கொல்லை அவள் கையில் நிற்கும். அதைச் சொல்ல வேண்டுமானால் யார்மேல் குத்தம் என்று சொல்லியாக வேண்டும். ஹார்டுவேர் கடைக்கு வராத கொல்லைக்காரர் கிடையாது. அங்கே விழுகிற சொல் ஒரு வாரத்தில் ஏழெட்டு ஊருக்கும் போய்விடும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினாள்.

"கிழங்க எடுக்கல மொதலாளி."

ராஜாராம் திரும்பினார். இந்த வாட்டியா என்று கேட்டார்.

"எந்த வாட்டியும் எடுக்கல. உங்க நைனா காலத்துலயும் எடுக்கல. தலைய கிள்ளிதான் வுட்டோம். மண்ணு நல்ல மண்ணு."

ராஜாராம் அவள் கையிலிருந்த களைக்கொட்டை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போரமாகக் குந்தித் தோண்டினார். ஒரு கிழங்கு வந்தது. நசுக்கி முகர்ந்தார். இத்தனை வயதில் அந்த வாசனை அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம், அவள் தோண்டி முடித்திருந்த பாதியையும் பார்த்தார். அங்கே கோரை இல்லை.

"எங்கப்பா சாவற வரிக்கும் இந்த மண்ணுக்கு சாபம்னு சொல்லிகினு இருந்தாரு" என்றார். அப்புறம் எழுந்து, கல் நடவில்லை, சணப்பை விதைக்கிறதென்றால் விதைத்துக்கொள் என்றார். ஆனால் அந்தப் பெண்கள் இனிமேல் இந்தக் கொல்லையில் கால் வைக்கக் கூடாது. செட்டின்மேல் தப்பில்லை, தான் சொல்லித்தான் செய்தார்கள் என்று சின்னப்பொண்ணு கெஞ்சினாள்.

"ஏழு பேரு கையும் உன் கையா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

மாசி பிறந்ததும் போன் வருவது குறைந்தது. பங்குனியில் நின்றே போயிற்று. யாரும் வந்து சண்டை போடவில்லை. கொல்லைக்காரர்கள் வேறு செட்டைக் கூப்பிட்டார்கள். அந்தச் செட்டும் தலைதான் கிள்ளும் என்பது வேறு விஷயம். பெண்கள் ஒவ்வொருவராகக் கம்பெனிகளில் தரை துடைக்கிற வேலைக்குப் போனார்கள். வேன் காலையில் ஐந்தே முக்காலுக்கு வரும். சின்னப்பொண்ணு மல்லாட்டை வறுத்து ஏழு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். ஆறு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஹெலன் வீட்டில் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஹெலன் கொல்லைப்பக்கம் வந்தாள். வரப்புக்கு வெளியேதான் நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று இருவரும் கொஞ்சம் பேசினார்கள். கிளம்பும்போது ஹெலன் சொன்னாள்.

"மொத நாளு நான் தோண்டிதான் எடுத்துகினு இருந்தேன். நீதான்க்கா வந்து குந்திகினு சொன்ன."

சின்னப்பொண்ணு ஆமாம் என்றாள்.

மறுபடி வைகாசி மழை, மறுபடி சணப்பை. இந்தத் தடவை ஒருத்தரும் கேலி செய்யவில்லை. நாலைந்து கொல்லைக்காரர்கள் வந்து பார்த்து, விதை எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் மடக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஆடி பிறந்து இரண்டு நாள் இருக்கும், சணப்பை தலைக்குமேல் நின்று மஞ்சளாகப் பூத்திருந்தது. விடியற்காலையில் அவள் வரப்பில் நின்றபோது கம்பெனி வேன் ரோட்டில் போயிற்று. ஜன்னலோரம் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாளோ, பார்க்கக் கூடாது என்று இருந்தாளோ, திரும்பவில்லை.

சின்னப்பொண்ணு சணப்பையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தரை ஈரமாக, கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ரொம்ப தூரம் தேடினாள். ஒரே ஒரு கோரை, வெளுத்துப்போய், ஒரு வேரடியில் சாய்ந்து கிடந்தது. குந்தி, களைக்கொட்டை இறக்கி, கிழங்கோடு எடுத்தாள். சுருங்கிப்போன சின்னக் கிழங்கு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எப்போதும்போலப் பக்கத்து வரிசைப் பக்கம் திரும்பி, "ஏ ஹெலனு, இத்த பாரேன்" என்றாள்.